இல்லை, ஆம், இல்லை, ஆஜர்

அரசியல்வாதியைப் பற்றி எழுதுகிறவர்கள் அவன் பேசியதை வைத்துத்தான் எழுதுகிறார்கள். பேச்சு சுலபமாகக் கிடைக்கிறது, மேற்கோளுக்கும் அகப்படுகிறது. சபையில் அவன் எப்படி வாக்களித்தான் என்று தேடிப் போகிறவர் அபூர்வம். வாக்குப் பதிவேடு வறண்ட பிரதி. பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல், அவ்வளவுதான். விசேஷணம் கிடையாது. 'ஆனாலும்' கிடையாது. பகல் முழுதும் பற்று வரவு பதிகிறவனுக்கு இந்த வறட்சி பழக்கமானது. பணம் ஏன் எடுக்கப்பட்டது என்று பேரேடு சொல்வதில்லை. ஆனால் பல வருஷத்துப் பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பேச்சு மறைத்துவிடுகிற ஏதோ ஒன்று தெரிய வருகிறது. அப்படிப் பார்க்க ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: ஜெனெட் ராங்கின்.

அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர். இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கா இறங்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினரும் அவரே. இரண்டு முறை தேர்வானார். இரண்டு முறை 'இல்லை' என்றார். இரண்டு முறையும் ஒரு தவணையோடு வெளியே வந்தார். புராணத்துக்கு வேண்டிய சமச்சீர் அப்படியே இருக்கிறது. சிலையும் வைத்தாயிற்று: 1985ல், வாஷிங்டனில், அவர் உட்கார்ந்திருந்த அதே காப்பிடல் கட்டடத்தில். போருக்கு வாக்களிக்க முடியாது என்ற அவருடைய வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தச் சமச்சீர்மேல் ஆட்சேபம் உண்டு. பதிவேட்டில் அது இல்லை.

மான்டானா மிகப் பெரிய மாநிலம், ஜனத்தொகை குறைவு. 1914ல் அங்கே பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அதற்காக ஊர் ஊராகச் சுற்றியவர்களில் முக்கியமானவர், 1880ல் மிசூலாவுக்கு அருகே பண்ணை வீட்டில் பிறந்த ராங்கின். 1916ல் அவர் குடியரசுக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபைக்கு நின்றார். தேசத்தின் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு பெண் தேசியத் தேர்தலில் வாக்களிக்க முடியாத காலம் அது. 1920 வரை அந்த நிலை தொடர்ந்தது. வாக்களிக்க முடியாதவர்களின் சார்பாகவும் தான் போகிறோம் என்ற பிரக்ஞை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அந்தத் தேர்தலின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். மான்டானாவுக்கு இரண்டு இடங்கள். ஆனால் தொகுதிப் பிரிவு கிடையாது. மாநிலம் முழுதும் ஒரே தொகுதி, அதிக வாக்குகள் பெறும் முதல் இருவருக்கு இடம். ரயில் நிலையம், தெருமுனை, ஒற்றை அறைப் பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் பேசியவருக்கு, வாக்குரிமை இயக்கத்தில் மூலை முடுக்கெல்லாம் பெண்களைத் தெரிந்து வைத்திருந்தவருக்கு, இதைவிடச் சாதகமான ஏற்பாடு இருக்க முடியாது. பணமும் நிர்வாகமும் தம்பி வெலிங்டன் ராங்கினுடையவை, அவர் வக்கீல். ராங்கின் இரண்டாவதாக வந்தார். (அந்த வருஷப் போட்டியில் அவரிடம் தோற்றவர்களில் ஃபிராங்க் லிண்டர்மன் என்ற எழுத்தாளரும் ஒருவர். க்ரோ இனத் தலைவரான பிளென்டி கூவின் வாழ்க்கையை அவர் வாயால் சொல்லக் கேட்டு 1930ல் புத்தகமாக்கியவர் இவர்தான். தேர்தல் தோல்வியால் இலக்கியம் லாபமடைவது அடிக்கடி நடப்பதில்லை.) அதே தேர்தலில் மான்டானா ஜனாதிபதி பதவிக்கு எதிர்க்கட்சியின் வுட்ரோ வில்சனுக்கு வாக்களித்தது. நம்மைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்பதுதான் வில்சனின் பிரசாரம். கட்சி மாறினாலும் வாக்காளர் கேட்டது ஒன்றே என்று இதை வாசிக்க இடமிருக்கிறது.

1917 ஏப்ரல் 2ஆம் தேதி ராங்கின் சபையில் அமர்ந்தார். அன்று இரவே வில்சன் அங்கு வந்து, ஜெர்மனிமீது போர் அறிவிக்கும்படி கேட்டார். செனட் 82க்கு 6 என்று சம்மதித்தது. பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு 6ஆம் தேதி அதிகாலையில் நடந்தது. அன்று புனித வெள்ளி. அந்த நான்கு நாட்களில் அவரிடம் வந்தவர்களைப் பாருங்கள். வாக்குரிமை இயக்கத்தின் பெரிய தலைவி கேரி சாப்மன் கேட், 'இல்லை' என்றால் இயக்கமே கெட்டுப்போகும் என்று நினைத்தார். தீவிரப் பிரிவின் ஆலிஸ் பால் நேர்மாறாகப் பேசினார். தம்பி, ஓர் ஆண் வாக்களிப்பதைப் போல வாக்களித்துவிடு என்றார். முதல் முறை பெயர் கூப்பிட்டபோது ராங்கின் பதில் சொல்லவில்லை. முன்னாள் சபாநாயகர் ஜோ கேனன் அவர் இருக்கைக்கு வந்து, நீ அமெரிக்கப் பெண்குலத்தின் பிரதிநிதி, மௌனமாக இருக்கக்கூடாது என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். இரண்டாம் முறை எழுந்தார். தேசத்தோடு நிற்க விரும்புகிறேன், ஆனால் போருக்கு வாக்களிக்க என்னால் முடியாது என்றார். பெயர் கூப்பிடும்போது ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசுவது சபையின் மரபல்ல. பதிவேடு இடம் தராத அந்த 'ஆனால்' இப்படி மரபை மீறி உள்ளே வந்தது.

அழுதார் என்று பத்திரிகைகள் எழுதின. ஹெலினாவில் ஒரு பத்திரிகை அவரை அழும் பள்ளிக்கூடச் சிறுமி என்றது. நியூயார்க்கின் லா கார்டியாவிடம் இதைக் கேட்டபோது, என் கண்ணிலேயே நீர் இருந்தது, எனக்குத் தெரியவில்லை என்று சொன்னாராம். அழுததாக நிச்சயமாகச் சொல்லப்படுகிறவர் கிளாட் கிச்சின். பெரும்பான்மைக் கட்சியின் சபைத் தலைவர், ஆண். அவரும் 'இல்லை' என்றே வாக்களித்தார். முடிவு 373க்கு 50. ஐம்பதில் நாற்பத்தொன்பது பேர் ஆண்கள். ராங்கினின் தனிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நாற்பத்தொன்பதை அடிக்குறிப்பாக்கிவிடுகிறார்கள். வட கரோலினாவில் தம் தொகுதிக்குத் திரும்பிப் போன கிச்சின் மறுபடி மறுபடி தேர்வாகி, 1923ல் சாகும்வரை உறுப்பினராகவே இருந்தார். போருக்கு எதிராக வாக்களித்தால் பதவி போகும் என்பது விதி இல்லை.

ராங்கினுக்குப் பதவி போனதன் காரணத்தை வாஷிங்டனில் தேடிப் பயனில்லை. அது ப்யூட் நகரத்துச் செப்புச் சுரங்கங்களில் இருக்கிறது. 1917 ஜூன் 8ஆம் தேதி இரவு ஸ்பெகுலேட்டர் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் செத்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்டு 1ஆம் தேதி ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்க அமைப்பாளரை முகமூடி போட்டவர்கள் இழுத்துப் போய் ரயில் பாலத்தில் தூக்கிலிட்டார்கள். யார் செய்தது என்று வழக்கு முடிவாகவே இல்லை. அந்த மாதமே ராங்கின் ப்யூட்டுக்குப் போய்ப் பெருங்கூட்டத்தில் பேசினார்; சுரங்கங்களை மத்திய அரசு ஏற்று நடத்த வேண்டும் என்றார். எதிரே இருந்தது அனகோண்டா கம்பெனி. மான்டானாவில் 'கம்பெனி' என்று மட்டும் சொன்னால் அதுதான். செப்பு, மரம் இவற்றோடு மாநிலத்தின் முக்கியமான தினசரிகளும் அதன் பிடியில் இருந்தன. 1959ல்தான் அவற்றை விற்றது. போருக்கு எதிரான வாக்கை ஒரு கம்பெனி மன்னித்துவிடலாம். சுரங்கத்தைக் கேட்டால் மன்னிக்காது.

அடுத்து மாநில சட்டசபை தொகுதி எல்லை வரைந்தது. மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று. ராங்கினின் மிசூலா மேற்கில் விழுந்தது. அங்கே ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. மாநிலம் முழுதும் சிதறிக் கிடந்த அவருடைய ஆதரவு வரைபடத்தில் ஒரு கோட்டால் இரண்டாகப் போயிற்று. கட்சி அரசியலில் கத்தரிக்கோல் எப்போதும் பேச்சைவிடக் கூர்மையானது. இதனால்தான் 1918ல் அவர் செனட்டுக்கு நின்றார். உட்கட்சித் தேர்தலில் ஆஸ்கர் லான்ஸ்ட்ரமிடம் தோற்றார். பிறகு நேஷனல் கட்சி என்ற சிறு கட்சியின் பெயரில் நின்று மூன்றாவதாக வந்தார். ஜெயித்தது தாமஸ் வால்ஷ்.

இதற்கு நடுவே ஒரு வாக்கு இருக்கிறது. அதைப் பற்றிச் சிலையில் எதுவும் இல்லை. 1917 டிசம்பர் 7ஆம் தேதி ஆஸ்திரிய-ஹங்கேரிமீது போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தது. 365க்கு 1. அந்த ஒன்று ராங்கின் அல்ல. நியூயார்க்கின் சோஷலிஸ்ட், மேயர் லண்டன். ராங்கின் 'ஆம்' என்றார். போர் என்பது முட்டாள்தனமான, வீணான வழி என்றே இன்னும் நினைக்கிறேன், ஆனால் இது போர் அறிவிப்பு அல்ல, ஏற்கெனவே அறிவித்துவிட்ட போரை நடத்துவதில் வெறும் நடைமுறை விவகாரம். பணத்துக்கும் ஆட்களுக்கும் எப்படி வாக்களித்தேனோ அப்படியே இதற்கும் வாக்களிக்கிறேன் என்பது அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனால் எல்லாச் சமரசத்துக்கும் இப்படி ஒரு பிழையற்ற தர்க்கம் உண்டு. ஏப்ரலில் அவர் சொன்ன 'ஆனால்' டிசம்பரில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது: முன்பு தேசம், ஆனால் போர் முடியாது, இப்போது போர் வீண், ஆனால் வாக்களிக்கிறேன்.

ஏன் சமரசம்? ஒரு மாதத்தில், 1918 ஜனவரி 10ஆம் தேதி, பெண்கள் வாக்குரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம் சபைக்கு வந்தது. விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் ராங்கின். 274க்கு 136 என்று தேறியது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சரியாகத் தேவையான எண்ணிக்கை, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. (அந்த வருஷம் செனட் அதை நிராகரித்தது, 1919ல் திருத்தம் மறுபடி வந்து நிறைவேறியபோது அவர் சபையில் இல்லை.) இவ்வளவு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்த காரியத்துக்காக டிசம்பரில் அவர் 'ஆம்' சொன்னார் என்பது என் ஊகம்தான். சரியோ தவறோ, அந்த 'ஆம்' மான்டானாவில் அவருக்கு எதையும் வாங்கித் தரவில்லை. கம்பெனியின் பத்திரிகைகள் ஏப்ரலை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொண்டன. பிற்காலத்தில் அவரைக் கொண்டாடியவர்களும் அப்படியே.

அடுத்த இருபத்திரண்டு வருஷங்கள் தோற்ற அரசியல்வாதிகளுக்கே உரியவை: அமைதி இயக்கங்களுக்காக வாஷிங்டனில் ஆதரவு திரட்டும் வேலை, ஜார்ஜியாவில் மின்சாரமில்லாத ஒரு சின்ன வீடு. 1940ல், அறுபது வயதில், மறுபடி மான்டானாவில் நின்றார். அதே மேற்குத் தொகுதி. உட்கட்சித் தேர்தலில் அவர் தோற்கடித்தது பதவியிலிருந்த ஜேக்கப் தோர்கெல்சனை. யூத வெறுப்பைப் பகிரங்கமாகப் பேசியவர் அவர். பொதுத்தேர்தலில் முன்னாள் உறுப்பினர் ஜெர்ரி ஓகானலைத் தோற்கடித்தார். 1918ல் அவரை வெளியே நிறுத்திய கோட்டுக்குள்ளேயே நின்று ஜெயித்தார். அந்த வருஷமும் ஜனாதிபதி வேட்பாளர், இம்முறை ரூஸ்வெல்ட், உங்கள் பிள்ளைகளை அந்நியப் போர்களுக்கு அனுப்பமாட்டோம் என்று மேடையில் உறுதி சொன்னார். 1941 தொடக்கத்தில் கடன்-குத்தகை மசோதா வந்தபோது, காங்கிரஸின் சம்மதமில்லாமல் படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று ராங்கின் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மேடையில் சொன்னதைச் சட்டத்தில் எழுதச் சொன்னார், அவ்வளவே. தோற்றது.

டிசம்பர் 7ஆம் தேதி பேர்ல் ஹார்பர். தேதியைக் கவனித்தீர்களா? ஆஸ்திரிய-ஹங்கேரி வாக்குக்குச் சரியாக இருபத்து நான்கு வருஷம். ராங்கின் டெட்ராய்ட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்கில் இறங்கித் திரும்பினார். மறுநாள் சபையில் பேச எழுந்தார். சபாநாயகர் ரேபர்ன் அனுமதிக்கவில்லை. 1917ல் ஒரு வாக்கியமாவது பேச முடிந்தது. அதிலும் ஒரு 'ஆனால்' இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கட்சிக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். எவரெட் டர்க்சன் அவர்களில் ஒருவர். 'ஆம்' வேண்டாம், வெறுமே 'ஆஜர்' என்றாவது சொல், ஒருமித்த முடிவாக இருக்கட்டும் என்று. அவர் 'இல்லை' என்றார். 388க்கு 1. தான் பெண் என்பதால் போருக்குப் போக முடியாது, வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன் என்றார். வெளியே வந்தபோது சூழ்ந்துகொண்டார்கள். ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போலீஸ் வரும்வரை நிற்க வேண்டியிருந்தது. மான்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிராக இருக்கிறது என்று தம்பி செய்தி அனுப்பினார். கான்சாஸில் வில்லியம் ஆலன் வைட் என்ற பத்திரிகையாசிரியர், முடிவை ஏற்காமலே, அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்கி எழுதினார்.

இத்தோடு புராணம் முடிகிறது. பதிவேடு முடியவில்லை. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 11ஆம் தேதி, ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் எதிரான தீர்மானங்கள். ஜெர்மனி அன்று தானே போர் அறிவித்துவிட்டது. ஒன்று 393க்கு 0, மற்றொன்று 399க்கு 0. இரண்டிலும் ராங்கின் சொன்னது 'ஆஜர்'.

1917 டிசம்பரில் சொன்ன வாதம் இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும் என்பதைப் பாருங்கள். போர் ஏற்கெனவே வந்துவிட்டது, இது இரண்டாவது எதிரி, வெறும் நடைமுறை. அன்று இதே வாதம் 'ஆம்' என்று முடிந்தது. இன்று முடியவில்லை. ஆனால் 'இல்லை' என்றும் முடியவில்லை. மூன்று நாள் முன்னால் டர்க்சன் கொண்டுவந்து நீட்டியபோது மறுத்த அதே சொல்லை இப்போது அவரே எடுத்துக்கொண்டார். ஹிட்லருக்கு எதிரே போய் 'ஆஜர்' என்பதா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு அவரிடம் திருப்தியான பதில் இருந்ததாக எனக்குப் படவில்லை. கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. தொலைபேசிக் கூண்டைப் பார்த்துவிட்டவர் அவர். அகிம்சை என்ற கொள்கை தன் எல்லையில் போய் முட்டிக்கொண்டு, சத்தியமாகச் சொல்லக்கூடியது நான் இங்கே இருந்தேன் என்பது மட்டுமே என்று ஒப்புக்கொண்ட இடம் என்றுதான் அதை வாசிக்கிறேன். 'இல்லை'யைவிட இந்தச் சொல் எனக்கு நெருக்கமானது. சிலைக்கு உதவாது.

எட்மண்ட் பர்க் 1774ல் பிரிஸ்டல் வாக்காளர்களிடம் சொன்னதை ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கெல்லாம் பாடமாக வைத்திருந்தார்கள்: பிரதிநிதி உங்களுக்குத் தரவேண்டியது தன் விவேகத்தை, கீழ்ப்படிதலை அல்ல. 1780ல் பிரிஸ்டல் பர்க்கை விட்டுவிட்டது. வேறொரு பிரபுவின் தயவில் வேறொரு தொகுதி அவருக்குக் கிடைத்தது. ராங்கினுக்கு அந்த வசதி இல்லை. அவர் நிலைமையும் வேறு. 1916லும் 1940லும் வாக்காளர் அவரிடம் கேட்டதும் அவர் கொடுத்த வாக்கும் ஒன்றே. பிறகு மாறியவர்கள் அவர்கள். தேர்தல் நாளின் வாக்காளரா, வாக்கெடுப்பு நாளின் வாக்காளரா, யாருக்கு அவர் பிரதிநிதி? பர்க்கிடம் இதற்கு விடையில்லை. நம் பாராளுமன்றத்தில் கேள்வியே எழாது: பெரும்பாலானவை குரல் வாக்கில் முடிந்துவிடும், எதிரே பெயர் விழுவதில்லை, ராங்கினுக்குச் சிலை வைத்த அதே 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா சொன்னதற்கு மாறாக வாக்களித்தால் பதவி பறிபோகவும் இடமுண்டு.

2001 செப்டம்பர் 14ஆம் தேதி ராணுவ பலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானம் 420க்கு 1 என்று நிறைவேறியது. அந்த ஒன்று கலிபோர்னியாவின் பார்பரா லீ. கொலை மிரட்டல்கள் வந்தன. ஆனால் அவர் தொகுதி ஓக்லண்டும் பெர்க்லியும். 2002ல் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், அடுத்த இருபது வருஷமும் ஜெயித்துக்கொண்டே இருந்தார். மாறாக, 1964ல் டோங்கின் வளைகுடாத் தீர்மானத்தை செனட்டில் எதிர்த்த இருவர், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும், 1968ல் தோற்றார்கள். மனசாட்சிக்கு என்ன விலை என்பதைத் தொகுதியின் எல்லைக்கோடுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வீரத்தை அளக்கிறவர்கள் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

1942ல் ராங்கின் மறுபடி நிற்கவில்லை. பேர்ல் ஹார்பர் வாக்குக்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, டிசம்பர் 8ஆம் தேதி, ஜப்பானைத் தாக்குதலுக்குத் தூண்டியதில் ரூஸ்வெல்ட் அரசுக்குப் பங்கு உண்டா என்று கேள்விகள் எழுப்பும் நீண்ட உரையொன்றைச் சபைக் குறிப்பேட்டில் சேர்த்துவிட்டு வெளியேறினார். அந்த உரையின் வாதம் பலவீனமானது, சந்தேகத்தை ஆதாரமாக்குகிறது. வாக்கு பேசியதைப் பேச்சு கெடுத்துவிட்டது என்று தோன்றுகிறது. 1946லிருந்து 1971க்குள் ஏழு முறை இந்தியாவுக்கு வந்தார். காந்தியைச் சந்திக்க ஆசைப்பட்டு வந்தவர், சந்திப்பு நடக்கவில்லை.

அவர் விட்டுப்போன மேற்குத் தொகுதி 1942ல் மைக் மான்ஸ்ஃபீல்டுக்குப் போயிற்று. மான்ஸ்ஃபீல்டு அங்கிருந்து செனட்டுக்குப் போய்ப் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். டோங்கின் வளைகுடா வாக்கெடுப்பில் 88 'ஆம்'களில் அவருடையதும் ஒன்று. வியட்நாம் போர்மேல் அவருக்கிருந்த சந்தேகங்கள் அதற்கு முன்பும் பின்பும் ஊரறிந்தவை. 1968 ஜனவரி 15ஆம் தேதி, காங்கிரஸ் கூடிய நாளன்று, சுமார் ஐயாயிரம் பெண்கள் வாஷிங்டனில் பனியில் ஊர்வலம் வந்தார்கள். முன்னால் நடந்தவர் எண்பத்தேழு வயது ராங்கின். காப்பிடல் வளாகத்தில் ஆர்ப்பாட்டம் கூடாதென்று பழைய சட்டம் ஒன்று இருந்ததால் ஊர்வலத்தை உள்ளே விடவில்லை. ஒரு சிறு குழுவை மட்டும் அனுமதித்தார்கள். ராங்கின் உள்ளே போய், போரை நிறுத்தக் கோரும் மனுவை, தம் இடத்துக்கு வந்த மான்ஸ்ஃபீல்டிடம் கொடுத்தார்.